ஒன்ராறியோவில் கரையில் நின்று பாஸ் மீன் பிடிக்க: அனுமதிப்பத்திரம் முதல் லூர் தேர்வு வரை

படகு இல்லாமல், கரையில் நின்றபடியே பாஸ் மீன் பிடிக்க விரும்பி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் வாழும் நம்மவர்களில் பலருக்குத் தூண்டில் புதிய பொருள் அன்று. ஆயினும் இங்கே தூண்டிலை நீரில் போடுவதற்கு முன்பே அட்டை, அனுமதிப்பத்திரம், வலயம், பருவம், எண்ணிக்கை வரம்பு என்று பல விடயங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. அவற்றைக் கடந்து கடைக்குள் நுழைந்தால், சுவர் முழுவதும் தொங்கும் நூற்றுக்கணக்கான லூர்களுக்கு, அதாவது செயற்கை இரைகளுக்கு, முன்னால் திகைத்து நிற்க வேண்டியிருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்வார் எனக்குக் கிடைக்கவில்லை. துண்டு துண்டாக விசாரித்துத்தான் அறிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. முதலில் அட்டையும் அனுமதிப்பத்திரமும்

18 முதல் 64 வயது வரையுள்ள ஒன்ராறியோ வாசிகளுக்கு இரண்டு ஆவணங்கள் தேவை. ஒன்று அவுட்டோர்ஸ் கார்ட். இது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், விலை ஏறத்தாழ 9 டாலர். மற்றையது மீன்பிடி அனுமதிப்பத்திரம். அதில் ஸ்போர்ட், கன்சர்வேஷன் என்று இரு வகைகள் உண்டு. ஓராண்டுக்கான ஸ்போர்ட் பத்திரம் ஏறத்தாழ 27 டாலர், கன்சர்வேஷன் பத்திரம் ஏறத்தாழ 15 டாலர். இவற்றோடு வரியும் சேரும். இரண்டிலும் மீன் பிடிக்கும் உரிமை ஒன்றுதான்; வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மீன்களின் எண்ணிக்கைதான் வேறுபடும். பிடித்ததில் பெரும்பகுதியைத் திரும்ப நீரில் விடப்போகிற புதியவருக்குக் கன்சர்வேஷன் பத்திரமே போதும் என்பது என் கருத்து.

மாகாண அரசின் இணையத்தளத்திலோ, சேர்விஸ் ஒன்ராறியோ நிலையத்திலோ, அனுமதி பெற்ற மீன்பிடிப் பொருட்கடைகளிலோ இவற்றை வாங்கலாம். இணையத்தில் வாங்கினால் அனுமதிப்பத்திரச் சுருக்கம் உடனே கிடைத்துவிடும். பிளாஸ்டிக் அட்டை பின்னர் தபாலில் வரும். மீன் பிடிக்கும்போது இவை உங்கள் கையில் இருக்க வேண்டும். மீன்வளப் பாதுகாப்பு அதிகாரி கேட்டால் அந்த இடத்திலேயே காட்ட வேண்டும். வீட்டில் இருக்கிறது என்ற பதில் செல்லாது.

இந்தக் கட்டத்தில் பலர் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

ஓராண்டுப் பத்திரம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்வதில்லை. அந்த நாட்காட்டி ஆண்டின் டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும். ஆகவே செப்டெம்பர் மாதத்தில் முதன்முதலாக முயன்று பார்க்க விரும்புகிறவர் ஓராண்டுப் பத்திரம் வாங்குவதைவிட ஒருநாள் பத்திரம் எடுப்பது நல்லது. அதன் விலை ஏறத்தாழ 12 டாலர்; அதற்கு அவுட்டோர்ஸ் கார்டும் தேவையில்லை.

நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் குடியிருப்புக் காலத்தைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் தொடர்ச்சியாக ஆறு மாதங்களாவது ஒன்ராறியோவில் வாழ்ந்திருந்தால்தான் ஒன்ராறியோ வாசி என்ற கட்டணத்தில் பத்திரம் எடுக்கலாம். அதேபோல, 65 வயதைக் கடந்தவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டாம் என்ற சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் உரியது. அவர்களும் பிறந்த திகதியைக் காட்டும் அரச அடையாள அட்டையை வைத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் கையில் தூண்டில்தடியைக் கொடுப்பதற்கு முன் வெளிநாட்டவருக்கான பத்திரம் எடுத்துவிடுங்கள்.

பணம் செலவழிக்காமல் ஒருமுறை முயன்று பார்க்க வழியுண்டு. பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதி, மே மாதத்தில் அன்னையர் தின வார இறுதி, ஜூனில் தந்தையர் தின வார இறுதி, ஜூலைத் தொடக்கத்தில் ஒரு வாரம் என அனுமதிப்பத்திரம் இல்லாமலே கனடா வாசிகள் மீன்பிடிக்கக்கூடிய நாள்களை மாகாணம் ஒதுக்குகிறது. அந்த நாள்களில் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். கன்சர்வேஷன் பத்திரத்தின் எண்ணிக்கை வரம்பே பொருந்தும்.

2. வலயமும் பருவமும்

மாகாணம் முழுவதும் எண்ணிடப்பட்ட மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விதிகள் வலயத்துக்கு வலயம் மாறும். ரொறன்ரோவில் ஒன்ராறியோ ஏரிக்கரையில் நின்றால் நீங்கள் வலயம் 20இல் இருக்கிறீர்கள். ஹை பார்க்கிலுள்ள கிரெனடியர் குளத்துக்குப் போனால் வலயம் 16. வடகிழக்கே ஸ்கூகொக் ஏரிக்கோ பொப்கேஜனுக்கோ போனால் வலயம் 17. ஃபிஷ் ஆன்லைன் என்ற அரச வரைபடத்தில் நீர்நிலையைத் தொட்டால், அது எந்த வலயம், என்னென்ன மீன்கள் உண்டு, தனி விதிவிலக்குகள் எவை என்பதெல்லாம் வரும். புறப்படுவதற்கு முந்தைய இரவு இதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பாஸ் மீனுக்குப் பருவம் உண்டு. வசந்தத்தில் நீர் 15 பாகை செல்சியசைக் கடக்கும்போது அவை கரையோரத்தில் கூடு அமைத்து முட்டையிடும். ஆண் மீன் அந்தக் கூட்டைக் காவல் காக்கும். அந்தச் சமயத்தில் அதைத் தூக்கினால், சில நிமிடங்களில் திரும்ப விட்டாலும் அதற்குள் சன்ஃபிஷ் கூட்டம் முட்டைகளைத் தின்றுவிடும். இதனால்தான் தென் ஒன்ராறியோவில் பாஸ் பருவம் பொதுவாக ஜூன் பிற்பகுதியில் திறக்கிறது. வலயம் 17இல் ஜூன் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை. பிடித்து விட்டுவிடத்தானே போகிறேன் என்பது சட்டப்படி எடுபடாது. பருவம் மூடியிருக்கும் மீனைக் குறிவைத்துப் பிடிப்பதே குற்றம். பிடித்துவிடும் மீன்பிடிப்புக்குத் தனியாக அனுமதி தந்திருக்கும் இடங்களில் மட்டுமே அதற்கு விலக்கு. மே மாதத்தில் வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் பாஸ் தற்செயலாகச் சிக்கினால் உடனே விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கை வரம்பு பல தென் வலயங்களில் ஸ்போர்ட் பத்திரத்துக்கு 6, கன்சர்வேஷன் பத்திரத்துக்கு 2. இது லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் என்ற இரு பாஸ் இனங்களையும் சேர்த்த எண்ணிக்கை. இந்த வரம்பு ஒரு நாளுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள்; கைவசம் வைத்திருக்கும் மீனுக்கும் அதே வரம்புதான், அதில் வீட்டுக் குளிர்பெட்டியில் உறைந்திருக்கும் மீனும் அடங்கும். கரையில் கோர்வைக் கயிற்றில் கோத்துப் போட்டுவிட்ட மீன் கணக்கில் சேர்ந்துவிட்டது. பிறகு பெரியது கிடைத்தால் சிறியதை விட்டு மாற்றிக்கொள்ள முடியாது.

3. எந்தக் கரைக்குப் போவது

புதியவருக்கு நான் முதலில் சொல்வது போர்ட் பெரி. ஸ்காபரோவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஸ்கூகொக் ஏரிக்கரையில் பொதுப் பூங்கா உண்டு. ஏரி ஆழமற்றது, நீர்ச்செடி அடர்ந்தது, லார்ஜ்மவுத் நிறைந்தது. ஒன்றை மறக்கக்கூடாது: அந்த ஏரியில் வால்ஐ மீன் பிடிப்பது 2016இல் முழுமையாக மூடப்பட்டது. அது சிக்கினால் வைத்துக்கொள்ள எண்ண வேண்டாம்.

இன்னும் தொலைவு போகத் தயார் என்றால் டிரென்ட்-செவர்ன் நீர்வழியிலுள்ள பொப்கேஜன், ஃபெனலன் ஃபோல்ஸ், பக்ஹோர்ன் ஊர்கள் நல்லவை. படகுகளை ஏற்றி இறக்கும் லொக் இருக்கும் இடங்களில் கரையோரம் ஆழமாகவும் நீரோட்டத்தோடும் இருப்பதால் கரையில் நிற்பவருக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் லொக் சுவரிலும் பாலத்திலும் மீன்பிடிக்கத் தடை இருக்கலாம். அணைக்குக் கீழே வசந்தத்தில் மீன் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கலாம். அங்குள்ள பலகைகளை வாசித்த பிறகே தூண்டிலை எடுங்கள். கார் இல்லாதவர்கள் ஃபெரியில் ரொறன்ரோ தீவுகளுக்குப் போகலாம். உள்வாய்க்கால்களின் ஓரங்களில் லார்ஜ்மவுத் உண்டு.

தனியார் நிலத்தில் கால் வைக்காதீர்கள். மரத்திலோ கம்பத்திலோ சிவப்பு வட்டம் பூசியிருந்தால் நுழையவே கூடாது. மஞ்சள் வட்டம் என்றால் சில குறிப்பிட்ட செயல்களுக்கு மட்டும் அனுமதி. உண்ணி கடிக்கும் பகுதிகள் ரொறன்ரோவின் கிழக்கிலும் அதற்கு அப்பாலும் உள்ளதால், புல்லுக்குள் நடக்க நேர்ந்தால் நீளக் காற்சட்டை அணிந்து, வீடு திரும்பியதும் உடலைச் சோதியுங்கள்.

4. கருவிக்கு எவ்வளவு செலவு செய்வது

ஆறரை முதல் ஏழு அடி நீளமுள்ள, மீடியம் வலுவுள்ள ஸ்பின்னிங் தூண்டில்தடி ஒன்று, நரம்பு சுற்றும் 2500 அளவு ரீல் ஒன்று. இரண்டும் சேர்ந்த கட்டு 60 முதல் 100 டாலருக்குள் கிடைக்கும். அதைவிட மலிவானவற்றில் ரீலின் தடைவிசை சீராக இயங்காமல், பெரிய மீன் ஓடும்போது நரம்பு அறுந்துவிடும். அதைவிட விலையுயர்ந்தது தொடக்கத்தில் தேவையில்லை. நரம்புக்கு 10 பவுண்ட் இழுவை தாங்கும் பின்னல் நூலும், அதன் நுனியில் ஒரு கை நீளத்துக்கு 8 அல்லது 10 பவுண்ட் ஃபுளோரோகார்பன் இழையும் போதும். இரண்டு நரம்புகளை இணைக்கும் முடிச்சு வராதவர்கள் 8 பவுண்ட் தங்கூசியை மட்டும் சுற்றிக்கொண்டு தொடங்கலாம். முள்ளை நரம்பில் கட்டும் பாலமார் முடிச்சு ஒன்றை வீட்டிலேயே இருட்டில் போட வரும்வரை பழகுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள்.

நீண்ட மூக்குக் குறடு கட்டாயம் வேண்டும். பைக், மஸ்கி போன்ற பல்லுள்ள மீன்களும் இதே லூர்களைக் கவ்வும். அவற்றின் வாய்க்குள் விரலை விடக்கூடாது. லூர், முள், குறடு, சிறு பெட்டி எல்லாம் சேர்த்து இன்னும் 60 டாலர் வரை ஆகும்.

உயிருள்ள இரையை முதல் ஆண்டில் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் அறிவுரை. ஒன்ராறியோவில் இரைமீனையும் இரையாகும் அட்டைப்பூச்சியையும் எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்குக் கொண்டுபோகலாம், எப்போது பற்றுச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பதற்குத் தனி விதிகள் உண்டு. லூருக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதோடு லூரை மீன் விழுங்குவது குறைவு. உதட்டில் மாட்டுவதால் உயிரோடு விட முடியும்.

5. ஐந்து லூர்கள் போதும்

கடைச் சுவரில் தொங்குபவை பெரும்பாலும் வாங்குபவரின் கண்ணைக் கவரச் செய்யப்பட்டவை. கரையிலிருந்து பிடிப்பவருக்கு நான் பரிந்துரைப்பவை இவை.

முதலாவது ஐந்து அங்குல ஸ்டிக் வோர்ம். பலரும் சென்கோ என்று அழைக்கும் மென்பிளாஸ்டிக் புழு. பச்சை கலந்த பழுப்பு நிறம் எடுங்கள். புழுவின் நடுவில் 1/0 முள்ளைக் குறுக்காகக் குத்துவது வாக்கி ரிக். எடை எதுவும் வேண்டாம். அடர்ந்த செடிக்குள் போட வேண்டுமென்றால் 3/0 வளைமுள்ளில், முனை புழுவின் உடலுக்குள் மறையும்படி குத்துவது டெக்சஸ் ரிக். அதில் செடி மாட்டாது. ஒரே ஒரு லூர்தான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள்.

இரண்டாவது 3/8 அவுன்ஸ் வெள்ளை ஸ்பின்னர்பெய்ட். காற்றடித்து நீர் கலங்கியிருக்கும்போது தகடுகள் சுழலும் அதிர்வை மீன் தூரத்திலேயே உணரும். மூன்றாவது, அடியில் தட்டாமல் குறைந்த ஆழத்தில் நீந்தும் மீன்வடிவ கிராங்க்பெய்ட். நான்காவது மூன்றரை அங்குல டியூப் ஜிக், கால் அவுன்ஸ் எடைத்தலையோடு, பாறைக்கரையில் ஸ்மால்மவுத்துக்கு. பெரிய ஏரிகளில் இன்று ஸ்மால்மவுத் பெருமளவில் தின்னும் ரவுண்ட் கோபி என்ற வேற்றிடச் சிறுமீன் அடியோடு ஒட்டி நகர்வதைப் போலவே இது நகரும். ஐந்தாவது, நீரின் மேல் சளக் சளக்கென்று ஒலியெழுப்பும் பொப்பர், விடியலுக்கும் அந்திக்கும்.

உள்ளீடற்ற தவளை லூரை வேண்டுமென்றே இங்கே சேர்க்கவில்லை. அல்லி இலைகளின் மேல் அது அருமையாக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அதற்கு 50 பவுண்ட் நூலும் வலுவான தடியும் வேண்டும்; மேலே சொன்ன கருவியால் செடிக்கடியிலிருந்து மீனை இழுத்தெடுக்க முடியாது, நூல் அறுந்து முள்ளோடு மீன் தப்பிவிடும்.

6. நீரைப் பார்த்து லூரை மாற்றுவது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பத்து நிமிடத்துக்கு ஒரு லூர் மாற்றுகிறார்கள். மாலையில் மீனும் இல்லை, எது வேலை செய்யவில்லை என்ற அறிவும் இல்லை. சோதனை செய்வதென்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். முதலில் இடம், பிறகு ஆழம், பிறகு வேகம், கடைசியில்தான் நிறம். நிறத்தை முதலில் மாற்றுவது வீண் செலவு. மீன் இல்லாத இடத்தில் எந்த நிறமும் உதவாது.

கரையை அடைந்ததும் நீரின் விளிம்புக்குப் போகாதீர்கள். காலடி அதிர்வும் நிழலும் கரையோர மீனைக் கலைத்துவிடும். சில அடி பின்னால் நின்று, முதல் வீச்சைக் கரைக்கு இணையாக இடப்பக்கம் போடுங்கள், அடுத்தது வலப்பக்கம். அதன் பிறகு விசிறியின் மடிப்புகளைப் போல வீச்சுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நடுநீருக்கு வாருங்கள். முழுப்பலத்தோடு நேராக ஏரி நடுவுக்கு எறிவதே எல்லாரும் செய்வது. பாஸ் பெரும்பாலும் செடி முடியும் ஓரத்திலும், விழுந்த மரத்தடியிலும், படகுத்துறை நிழலிலும் இருக்கும். இவற்றில் பல உங்கள் காலிலிருந்து இருபது அடிக்குள் உள்ளவை.

இந்த முதல் சுற்றை ஸ்பின்னர்பெய்ட்டோ கிராங்க்பெய்ட்டோ கொண்டு செய்யுங்கள். வேகமாகப் பரப்பைத் துழாவுவதே அவற்றின் வேலை. ஒரு மீன் பின்தொடர்ந்து வந்து திரும்பினாலும், நீர் லேசாகப் பொங்கி அடங்கினாலும், அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்துக்கு இப்போது ஸ்டிக் வோர்மை வீசுங்கள்.

வாக்கி ரிக்கில் குத்திய புழு கீழே இறங்கும்போது இரு முனைகளும் மெல்ல நடுங்கிக்கொண்டே இறங்கும். மீன் கவ்வுவது பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான்; ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமே செய்யாமல் இருப்பது. நரம்பைத் தளர்வாக விட்டு, அது நீரைத் தொடும் புள்ளியையே பாருங்கள். கைக்கு எந்த இழுப்பும் தெரியாது. தளர்ந்து வளைந்து கிடந்த நரம்பு ஓர் அங்குலம் துள்ளும். அல்லது காற்றுக்கு எதிர்த்திசையில் பக்கவாட்டில் ஊர்ந்து நேராகும். அப்போது தளர்வைச் சுற்றி எடுத்துக்கொண்டு தடியைச் சுண்டி உயர்த்துங்கள். எதுவும் நடக்காமல் புழு அடியைத் தொட்டுவிட்டால் பத்து வரை எண்ணி, தடிநுனியை ஓரடி உயர்த்தி, மறுபடி இறங்க விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பின் சுற்றி எடுத்து அடுத்த இடத்துக்கு வீசுங்கள்.

ஓர் இடத்தில் இரண்டு வகை லூரும் பலிக்கவில்லை என்றால் நீங்கள் நகருங்கள். லூரை மாற்ற வேண்டாம். ஐம்பது அடி தள்ளிச் செடியின் வகை மாறும், அல்லது மணல் முடிந்து கல் தொடங்கும். கல் தொடங்கிய இடத்தில் டியூப் ஜிக்கை எடுங்கள். அது அடியில் தட்டித் தட்டி வரும்படி மெல்ல இழுங்கள். தட்டுவது நின்று நரம்பு கனத்தால் அது கல்லாகவும் இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம். இரண்டிலும் சுண்டிப் பார்ப்பதுதான் வழி. லூர் சில இழக்க நேரும், அதையும் செலவுக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு இரண்டு விதிகள் போதும்: தெளிந்த நீரில் பச்சை, பழுப்பு போன்ற இயற்கை நிறங்கள்; கலங்கிய நீரிலும் மங்கிய வெளிச்சத்திலும் கறுப்பு அல்லது வெள்ளை. ஜூலை, ஆகஸ்ட் நண்பகலில் வெயில் சுட்டெரிக்கும்போது நிழலைத் தவிர வேறெங்கும் வீசாதீர்கள். குளிர்காற்று வீசி வானம் பளிச்சென்று தெளிந்த மறுநாள் மீன் மந்தமாக இருக்கும். அன்று எல்லாவற்றையும் பாதி வேகத்தில் செய்யுங்கள்.

ஒவ்வொரு மீனுக்கும் நேரம், இடம், ஆழம், லூர், இழுத்த வேகம் ஆகியவற்றைக் கைபேசியில் ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே கரைக்கு அதே வாரத்தில் போகும்போது இதன் மதிப்புத் தெரியும்.

சட்ட வரம்பொன்று: கரையில் நின்று பாஸ் பிடிப்பவர் ஒரு தூண்டில்தான் போடலாம். ஒரு நரம்பில் நான்கு முள்ளுக்கு மேல் கூடாது. மும்முனை முள் ஒன்றாகவே எண்ணப்படும்.

7. மீன் வந்த பிறகு

கையை நனைத்துக்கொண்டு கீழுதட்டைப் பெருவிரலால் பிடியுங்கள். பாஸுக்குக் கூர்ப்பற்கள் இல்லை, அரம் போன்ற சொரசொரப்புத்தான். பெரிய மீனை உதட்டில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றை மறுகையால் தாங்குங்கள். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னே போனால் லார்ஜ்மவுத். கண்ணோடு நின்று, உடல் வெண்கல நிறத்தில் செங்குத்துக் கோடுகளோடு இருந்தால் ஸ்மால்மவுத். கண் சிவந்த சிறு மீன் ரொக் பாஸ். அதற்கான விதி வேறு.

சமைக்க எடுத்துப்போகிறவர்கள் மாகாணம் வெளியிடும் மீன் உணவு வழிகாட்டியில் அந்த ஏரியைத் தேடிப் பாருங்கள். எந்த நீர்நிலையில், எந்த நீளமுள்ள மீனை, மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று அதில் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனி அளவு உண்டு. பெரிய மீனில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்பதால், குழம்புக்கு நடுத்தர மீனை எடுத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுங்கள். கரையிலேயே வெட்டித் துண்டாக்கிப் பையில் போட்டு வராதீர்கள். வழியில் அதிகாரி சோதித்தால் என்ன மீன், எத்தனை என்று அறியும்படி இருக்க வேண்டும். முழு மீனாகவே பனிக்கட்டியில் வைத்து வந்து, வீட்டில் வெட்டுங்கள்.